கறை நீக்கிய கைகள்

அவைக்கு உரிய உடை எது என்று கேட்டால், நம்மவர் பெரும்பாலும் தயங்காமல் வெள்ளை என்றே விடை கூறுவர். கூட்டத்துக்குத் தலைமை தாங்குவோர்க்கு வெள்ளை வேட்டியும் சால்வையும்; பாராளுமன்றம் செல்வோர்க்கு வெள்ளைத் தேசிய உடை; பாடசாலைப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சீருடை. கண்ணியம், தூய்மை, கல்வி, பதவி ஆகிய அனைத்துக்கும் ஒரே நிறத்தை நாம் அடையாளமாக்கி வைத்திருக்கிறோம். ஆயினும் வெள்ளையைப் போல விரைவிற் கறையைக் காட்டிக்கொடுக்கும் நிறம் வேறில்லை. ஒரு துளி வாழைக்கயர், ஒரு சொட்டு மை, பந்தியிலே சிந்திய குழம்பு, இவற்றுள் ஒன்று போதும். அணிந்தவரின் மதிப்புக் குன்றியதாக ஊர் எண்ணும்.

இவ்வளவு எளிதில் மாசுபடும் ஆடையை, மதிப்புடையோர் ஏன் விரும்பி அணிந்தனர்? இக்கேள்விக்கு 1899 ஆம் ஆண்டிலேயே தோர்ஸ்டீன் வெப்லன் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் விடை கூறிவிட்டார். மாசற்ற ஆடை, அதனை அணிந்தவர் கைகொண்டு உழைக்க வேண்டாதவர் என்பதை ஊருக்கு அறிவிக்கிறது என்பது அவர் கருத்து. அக்கருத்தை நாம் ஒரு படி மேலே கொண்டு செல்லலாம். அவ்வாடை, தன்னை வெளுத்துத் தர வேறொருவர் இருக்கிறார் என்பதையும் சேர்த்தே அறிவிக்கிறது. அந்த வேறொருவர் யார் என்பதை நம் வரலாற்று நூல்கள் கூறுவதில்லை. மன்னன் அணிந்த ஆடையின் பெயர் ஏட்டில் உண்டு. அதனை வெளுத்தவளின் பெயர் இல்லை. எனவே கறை நீக்கிய கதையை, கறை நீக்கியவரின் பக்கத்திலிருந்து நாம் ஒருமுறை பார்ப்போம்.

*

பழைய உரோமாபுரியிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். அங்கே குடியுரிமை பெற்ற ஆடவர் பொதுநிகழ்ச்சிகளில் ‘தோகா’ எனும் கம்பளி மேலாடையை அணிந்தனர். பதவிக்குப் போட்டியிடுவோர் தம் தோகாவைச் சுண்ணக்கட்டியினால் மேலும் வெண்மையாக்கிக்கொண்டு வாக்குக் கேட்கச் சென்றனர். ‘கன்டிடுஸ்’ எனும் இலத்தீன் சொல் பளிச்சிடும் வெண்மையைக் குறிப்பது. தேர்தல் வேட்பாளரைக் குறிக்க ஆங்கிலத்தார் வழங்கும் ‘கன்டிடேற்’ எனும் சொல் அதன் வழியே வந்தது. வேட்பாளர் இவ்வாறு ஆடையை வெண்மையாக்குவதைத் தடுக்கும் சட்டமொன்று, கி. மு. 432 ஆம் ஆண்டளவில் பொதுமக்களின் பிரதிநிதிகளால் கொண்டுவரப்பட்டதென வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். ஆடையின் வெண்மை அரசியல் ஆயுதமாகலாம் என்பதை அக்காலச் சாதாரண மக்கள் அறிந்திருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தோகாவை வெளுத்தவர்கள் ‘புல்லோன்’ எனப்பட்ட சலவைத் தொழிலாளர். அவருள் அடிமைகளும், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டோரும் பெருந்தொகையினர். அவர்களின் தொழில்முறை நமக்கு நன்கு தெரியும், ஏனெனில் கி. பி. 79 இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் மூழ்கிய பொம்பேயி நகரில் அவர்களுடைய தொட்டிகளும், வேலைக் காட்சிகளைத் தீட்டிய ஓவியங்களும் அகப்பட்டுள்ளன. பழகிப் புளித்த சிறுநீரும் நீரும் கலந்த தொட்டியில் ஆடையை இட்டு, மணிக்கணக்காகக் காலால் மிதிப்பர். நாட்பட்ட சிறுநீரிலிருந்து அமோனியா பிறக்கிறது, அது காரம். காரம் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கிறது. பின்னர், கொழுப்பை உறிஞ்சும் களிமண்ணைத் தேய்த்து அலசுவர். இறுதியாகப் பிரம்புக் கூடொன்றின் மேல் ஆடையை விரித்து, அடியிலே கந்தகத்தை எரித்துப் புகையூட்டுவர். கந்தகப் புகை கம்பளியை வெளிறச் செய்கிறது.

இத்தொட்டிகளுக்காகச் சேகரிக்கப்பட்ட சிறுநீருக்கும் பேரரசன் வெஸ்பாசியன் வரி விதித்தான். அவ்வரியை மகன் தைத்தஸ் அருவருத்தபோது, தந்தை ஒரு நாணயத்தை அவன் மூக்கருகே நீட்டி, இது நாறுகிறதா என்று வினவினானாம். இக்கதையைச் சொல்லி உலகம் இன்றும் நகைக்கிறது. நாணயத்தை முகர்ந்தவர் இருவர். தொட்டியை நாள்முழுதும் முகர்ந்தவர் பலர். அப்பலரின் மூக்கைப்பற்றி எவரும் கதை எழுதவில்லை. ஆயினும் அவர்கள் ஊமைகளாக இருந்தவரல்லர். பொம்பேயிச் சுவர்களில் காணப்படும் தேர்தல் விளம்பரங்கள் சிலவற்றில், இன்னாரைத் தெரிவுசெய்க எனச் சலவைத் தொழிலாளர் ஒரு தொழிற்குழுவாக நின்று கேட்டிருக்கின்றனர். வேட்பாளரின் வெண்மை தம் கால்களிலிருந்து பிறப்பது என்பதை அவர்கள் அறியாதிருந்திருக்க முடியாது.

*

இனித் தமிழ் நிலத்துக்கு வருவோம். புறநானூற்றில் ஔவையார் பெயரால் வழங்கும் 311 ஆம் பாட்டு, ஒரு தலைவனின் தூய வெள்ளாடையைப்பற்றிப் பேசுகிறது. அவ்வாடையை நாள்தோறும் வெளுத்துத் தருபவள் ஒரு புலைத்தி. களர் நிலத்திற் கிணறு தோண்டி அந்நீரில் அவள் வெளுக்கிறாள். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் இப்புலைத்தி மீண்டும் வருகிறாள். ஆடைக்குக் கஞ்சிப்பசை இடுகிறாள்.

ஏன் களர் நிலத்துக் கிணறு? உவர்மண் செறிந்த நிலத்து நீரில் சோடியம் காபனேற்றுப் போன்ற காரப்பொருள்கள் கலந்திருக்கும். உரோமன் சிறுநீரிற் கண்ட காரத்தை நம்மவள் மண்ணிலே கண்டாள். வேதியியல் எனும் பெயர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, எந்த மண் எந்தக் கறையை எடுக்கும் என்ற அறிவு அவள் கையில் இருந்தது. அவ்வறிவுக்கு உலகம் தந்த பெயரோ புலைத்தி. ‘புலை’ எனும் சொல் சங்க காலத்தில் எவ்வளவுக்கு இழிவுப்பொருளைச் சுமந்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிற்காலத்தில் அது தீட்டையும் தாழ்வையும் குறித்தது என்பதில் வேறுபாடில்லை. தூய்மையை உண்டாக்கியவளே தூய்மையற்றவள் ஆக்கப்பட்ட முரண்பாடு நம் மொழியிலேயே பதிந்து கிடக்கிறது.

பிற்காலத்து வண்ணாரின் வெள்ளாவி முறையும் இவ்வறிவின் தொடர்ச்சியே. உவர்மண் கரைசலில் ஊறவைத்த துணியைத் தாழியின்மேல் அடுக்கி, அடியில் நெருப்பிட்டு, இரவெல்லாம் ஆவியில் அவிப்பர். ஆவியும் காரமும் இழைக்குள் நுழைந்து பிசுக்கை இளக்கும். விடிந்ததும் துறைக்கல்லில் அடித்து அலசி வெயிலில் உலர்த்துவர். வெயிலும் ஒரு மருந்து. நிறங்களைச் சிதைத்து வெளிறச் செய்வது. அதன்பின் நீலம், அதன்பின் கஞ்சி.

கறைகளை இனம் பிரித்து அறிவது இத்தொழிலின் நுட்பம். இரத்தக் கறையை வெந்நீரில் இட்டால் அதிலுள்ள புரதம் இறுகி இழையைப் பற்றிக்கொள்ளும். தண்ணீரிலேயே அதனை எடுத்தல் வேண்டும். துருக்கறைக்குத் தேசிக்காய்ச் சாறும் உப்பும் உதவும்; புளிப்பு இரும்பைக் கரைக்கிறது. மஞ்சட் கறையிற் சவர்க்காரம் பட்டவுடன் அது சிவந்து, பார்ப்பவரைத் திகைக்க வைக்கும். மஞ்சளின் நிறப்பொருள் காரத்திலே நிறம் மாறுவதே அதற்குக் காரணம்; நல்ல வெயிலில் விரித்தால் அது மெல்ல மெல்ல மறையும். வாழைக்கயரும் தேயிலைச் சாயமும் வேறு வகையின. அவற்றிலுள்ள துவர்ப்புப்பொருள் காற்றுப்பட்டுக் கறுத்து இழையோடு ஒன்றிவிடும். பட்டும் கம்பளியும் புரத இழைகள் ஆதலின், பருத்திக்கு மருந்தான கடுங்காரம் அவற்றுக்கு நஞ்சாகும். இவற்றையெல்லாம் பிழையின்றி அறிந்தவரைத்தான் கல்வியறிவற்றவர் என்று நாம் எழுதிவந்தோம்.

அவர்களுக்கு ஒரு வகை எழுத்தும் இருந்தது. பல வீட்டுத் துணிகளும் ஒரே தாழியில் வேகும்போது எது எவருடையது என அறிவதற்காக, புள்ளியும் கோடுமாக ஓரத்தில் ஒரு குறி இடுவர். இந்தியாவில் அதற்குப் பயன்பட்டது சேங்கொட்டையின் சாறு. எவ்வளவு வெளுத்தாலும் போகாத கருங்கறை அது. கறை நீக்குவதையே தொழிலாகக் கொண்டோர், நீக்கவே முடியாத கறை எது என்பதையும் அறிந்திருந்தனர். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கப் படைவீரர் சிலருக்கு, உடுப்பில் இக்குறி பட்ட இடங்களில் தோல் அழற்சி கண்டது. 1943 இல் அவர்களுடைய மருத்துவர்கள் அதனை ஆராய்ந்து எழுதினர். அச்சாற்றைக் கொட்டையிலிருந்து எடுத்துத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டோரின் விரல்களுக்கு அத்தகைய ஆராய்ச்சிப் பெருமை கிட்டவில்லை.

*

மேனாட்டில் 18 ஆம் நூற்றாண்டு வரையில் வெளுத்தல் மிக மெதுவான வேலையாகவே இருந்தது. துணியைக் காரநீரிலும் புளித்த மோரிலும் மாறி மாறி ஊறவைத்து, மாதக்கணக்காகப் புல்வெளியில் விரித்து வைப்பர். ஆலை நெசவு பெருகியபோது அவ்வளவு காலமும் நிலமும் முதலாளிக்குக் கட்டுபடியாகவில்லை. 1774 இல் ஷீலே எனும் சுவீடிய வேதியியலறிஞர் குளோரீன் வாயுவைப் பிரித்தெடுத்தார். 1785 இல் பெர்தொலே எனும் பிரெஞ்சு அறிஞர் அதன் வெளிற்றும் ஆற்றலைக் காட்டினார். 1799 இல் ஸ்கொத்லாந்தின் சாள்ஸ் தெனன்ற் வெளிற்றும் தூளுக்கு உரிமை பெற்றார். மாதங்கள் நாட்களாகச் சுருங்கின.

காரத்துக்கும் அதே விதி நேர்ந்தது. 1791 இல் நிக்கலா லெபிளாங்க் உப்பிலிருந்து சோடாவைச் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். புரட்சி அரசு அவருடைய ஆலையை எடுத்துக்கொண்டது. வறுமையுற்ற அவர் 1806 இல் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய முறையோ இங்கிலாந்தில் பேராலைகளாக வளர்ந்தது. அவை கக்கிய ஐதரோகுளோரிக் அமிலப் புகை சுற்றுவட்டாரப் பயிர்களைக் கருக்கியது. 1863 இல் காரச் சட்டம் வந்த பின்னரே, அப்புகையின் பெரும்பகுதியை அடக்கும் கடமை ஆலைக்காரருக்கு உண்டாயிற்று. சட்டையின் கறையை நீக்கும் பொருளுக்காக வானத்தையும் வயலையும் கறைப்படுத்தினர்.

சவர்க்காரத்துக்கு எண்ணெய் வேண்டும். இலங்கைத் தேங்காயெண்ணெய் கப்பலேறியதற்கு இதுவும் ஒரு காரணம். லீவர் சகோதரர் 1888 இல் இங்கிலாந்தில் ‘போர்ட் சன்லைற்’ எனும் அழகிய தொழிலாளர் கிராமத்தை அமைக்கத் தொடங்கினர். அதே நிறுவனம் 1911 இல் பெல்ஜியக் கொங்கோவில் எண்ணெய்ப் பனைக்காகப் பெருநிலப்பரப்பில் உரிமை பெற்றது. உயரமான பனைகளில் ஏறிக் குலை வெட்டக் கொங்கோ மக்கள் கட்டாய உழைப்புக்கு ஆளாக்கப்பட்டதைப் பின்வந்த ஆய்வாளர் ஆவணங்களோடு எடுத்துக் காட்டியுள்ளனர். இங்கிலாந்துத் தொழிலாளிக்குப் பூந்தோட்டம். கொங்கோத் தொழிலாளிக்கு வற்புறுத்தல். இரண்டும் ஒரே சவர்க்காரக் கட்டியின் இரு பக்கங்கள்.

*

ஆடை வெளுப்போர் தலைநிமிர்ந்த கதைகளும் உண்டு. அவற்றுள் மூன்று அமெரிக்காவைச் சேர்ந்தவை.

நியூயோர்க் மாநிலத்து ட்ரோய் நகரில் 1820களில் ஹன்னா மொன்ரேகு எனும் பெண், கணவரின் சட்டையில் கழுத்துப்பட்டி மட்டுமே விரைவில் அழுக்காவதைக் கண்டு, அதனைத் தனியே வெட்டி எடுத்து வெளுத்தார் என்பர். கழற்றி மாட்டும் கழுத்துப்பட்டி இவ்வாறு பிறந்தது. அலுவலக எழுத்தர் முதல் கனவான் வரை அதனை அணிந்தனர். ட்ரோய் ‘கழுத்துப்பட்டி நகரம்’ எனப் பெயர்பெற்றது. வெண்கழுத்துப்பட்டி உத்தியோகம் எனும் வழக்கு இன்னும் உலகில் உள்ளது. அப்பட்டிகளைக் கொதிக்க வைத்து, வெளிற்றி, நீலமிட்டு, கஞ்சியிட்டு, கனலும் இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தவர் பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைப் பெண்கள். நாளுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேர வேலை. வாரத்துக்கு மூன்று நான்கு டொலர் கூலி. 1864 பெப்ரவரியில் கேற் மல்லனி எனும் இளம்பெண்ணின் தலைமையில் ஏறத்தாழ 300 பெண்கள் சங்கம் அமைத்து வேலைநிறுத்தம் செய்தனர். ஒரு வாரத்துக்குள் முதலாளிமார் இணங்கினர். கூலி ஏறத்தாழக் காற்பங்கு உயர்ந்தது. 1866 இல் இரும்பு வார்ப்புத் தொழிலாளர் போராடியபோது, இப்பெண்களின் சங்கம் ஆயிரம் டொலரை உதவியாக அனுப்பியது. 1869 இல் அவர்களே மீண்டும் போராடித் தோற்றனர், சங்கம் கலைந்தது. தோல்வியையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயிரம் டொலர் அனுப்பிய கைகள் எவையென்று மறவாதிருந்தாற் போதும்.

தெற்கே அற்லாண்டா நகரில் 1881 ஜூலையில், கறுப்பினச் சலவைப் பெண்கள் இருபது பேர் ஒரு சங்கமாகக் கூடினர். அடிமைமுறை ஒழிந்து பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. பன்னிரண்டு இறாத்தல் துணிக்கு ஒரு டொலர் கூலி என்பது அவர்கள் கோரிக்கை. மூன்று வாரங்களில் அவர்கள் தொகை மூவாயிரமாகப் பெருகிற்று. ஆண்டுக்கு 25 டொலர் அனுமதிக் கட்டணம் விதிப்போம் என நகரசபை அச்சுறுத்தியது. நகர முதல்வருக்கு அவர்கள் எழுதிய கடிதத்தில், தொழிலைத் தம் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள முடியுமாயின் அக்கட்டணத்தையும் செலுத்தத் தயார் என்றனர். அக்கட்டணத் திட்டத்தை நகரசபை கைவிட்டது. நகரின் வெள்ளைச் சட்டைகள் அனைத்தும் ஒரு சில நாள் அழுக்காகவே கிடந்தபோதுதான், வெளுப்பவர் இல்லாமல் அவ்வூர் நடவாது என்பது அவ்வூர்க்காரருக்கு விளங்கிற்று.

மூன்றாவது கதை, தண்ணீரின்றிக் கறை நீக்கும் முறையைப் பற்றியது. கோட்டும் பட்டாடையும் தண்ணீரும் காரமும் பட்டால் சுருங்கும், நிறம் இழக்கும். அத்தகைய ஆடைகளை உலர்முறையிற் சுத்தஞ்செய்யும் வழியொன்றுக்கு 1821 மார்ச் 3 ஆம் நாள் உரிமை பெற்றவர் தோமஸ் ஜெனிங்ஸ் எனும் நியூயோர்க்குத் தையற்காரர். அமெரிக்காவிற் கண்டுபிடிப்பு உரிமை பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே என்பர். அவர் சுதந்திர மனிதராகப் பிறந்ததனாலேயே அது இயன்றது. அடிமை ஒருவரின் கண்டுபிடிப்புக்கு உரிமை வழங்க இயலாது என 1858 இல் அமெரிக்க அரசின் தலைமைச் சட்டத்தரணி தீர்ப்புரைத்தார். ஜெனிங்ஸ் தம் வருவாயை அடிமை ஒழிப்புப் பணிகளுக்குச் செலவிட்டார். அவருடைய மகள் எலிசபெத், கறுப்பினத்தவர் என்பதனால் 1854 இல் குதிரை இழுக்கும் வண்டியிலிருந்து தள்ளப்பட்டார். தந்தையும் மகளும் வழக்காடி 1855 இல் வென்றனர். கனவான்களின் கோட்டிற் கறையெடுத்த மனிதர், அக்கனவான்களின் சமுதாயத்திற் படிந்திருந்த பெருங்கறையோடும் மல்லாடினார்.

ஜெனிங்ஸ் உரிமை பெற்ற அதே 1821 ஆம் ஆண்டில் இலண்டனில் மைக்கல் பரடே ஒரு புதுத் திரவத்தைச் செய்தார். அதன் பெயர் பேர்குளோரோஎதிலீன். 19 ஆம் நூற்றாண்டின் உலர்சலவையாளர் தெர்ப்பந்தைலத்தையும் பெற்றோலிய எண்ணெய்களையும் நம்பியிருந்தனர். அவை தீப்பற்றும், எத்தனையோ சலவைக்கடைகள் எரிந்தன. பேர்குளோரோஎதிலீன் தீப்பற்றாது; கொழுப்பை நன்கு கரைக்கும். 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகெங்கும் கோட்டுகளும் பட்டுகளும் அதிலேயே தோய்ந்தன. தீ அணைந்தது, நச்சு நுழைந்தது. அதன் ஆவியை நாளெல்லாம் உள்ளிழுப்போருக்குத் தலைச்சுற்றல் முதல் நரம்பு, ஈரல், சிறுநீரகக் கேடு வரை உண்டாகலாம். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1995 இல் அதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் பொருள்களின் பட்டியலிற் சேர்த்தது. பத்தாண்டுகளில் உலர்சலவையிலிருந்து அதனை நீக்கும் விதியொன்றை அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்டது. முதல் எச்சரிக்கைக்கும் விதிக்கும் இடையில் எத்தனை தொழிலாளர் அவ்வாவியைச் சுவாசித்திருப்பர்! உரோமாபுரித் தொட்டியின் நாற்றத்துக்கும் இதற்கும் இடையில் மாறியது வேதியியல். அதன் சுமை வெளுப்பவரின் உடலிலேயே இறங்கியது.

*

பிறநாட்டுக் கதைகளைச் சொல்லி நம் வீட்டுக் கதையை மறைத்தல் நேர்மையாகாது. யாழ்ப்பாணச் சமுதாயத்தில் சலவைத் தொழிலாளரைக் கட்டாடி என அழைப்பர். மணவீட்டிலும் மரணவீட்டிலும் அவர் இன்றி ஒன்றும் நடவாது. பந்தலுக்கு வெள்ளை கட்டுபவர் அவர். நடப்போர் காலடியில் நிலபாவாடை விரிப்பவர் அவர். பிள்ளைப்பேற்றுக் காலத்திலும் தீட்டுக் காலத்திலும் மாற்றுத் துணி கொடுத்து வீட்டைத் தூய்மையாக்குபவரும் அவரும் அவர் மனைவியுமே. ஆயினும் அவ்வீட்டில் அவருக்கு இருக்கை இல்லை. அவ்வூர்க் கோயிலில் அவருக்கு உள்ளே இடமில்லை. அவர் கட்டிய வெள்ளையின் கீழ் தெய்வம் எழுந்தருளலாம். கட்டியவர் வெளிவீதியில் நின்றே வணங்கலாம்.

அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவர் திருக்குறிப்புத் தொண்டர். காஞ்சிபுரத்து ஏகாலியர். அடியார் மனக்குறிப்பறிந்து ஆடை வெளுத்துத் தருவதே அவர் தொண்டு. குளிர்காலத்தில் அழுக்குக் கந்தையோடு வந்த முதியவரிடம், பொழுது சாயுமுன் வெளுத்து உலர்த்தித் தருவதாக அவர் வாக்களித்தார். விடாது பெய்த மழையினால் அது முடியவில்லை. சொன்ன சொல் தவறியதைப் பொறாமல் துணி துவைக்கும் கல்லில் தலையை மோதப்போனபோது இறைவன் கை நீண்டு தடுத்தது எனச் சேக்கிழார் பாடினார். பக்தியை ஒருபுறம் வைத்துப் பார்த்தாலும், மழைநாளில் துணி உலராத ஒரு தொழிலாளியின் நெஞ்சிடி அக்கதையில் உண்மையாகவே கேட்கிறது. அந்நாயனாரின் கற்சிலை கோயிலுக்குள் பூசை பெற்றது. அவர் தொழிலைச் செய்த உயிருள்ள மனிதர் வாயிலில் தடுக்கப்பட்டார். கல்லாகிவிட்டவரிடம் மட்டும் தீட்டில்லை போலும்!

சாதி, உழைப்பவரையே ஏணிப்படிகளாக அடுக்கி வைத்தது. வண்ணாரும் சில சாதியினரின் துணியை வெளுக்கலாகாது என்று விதிக்கப்பட்டது. அவர்கள் துணியை வெளுக்கத் துரும்பர் எனும் இன்னொரு பிரிவினர் வைக்கப்பட்டனர். அவர்கள் பகலில் நடமாடலாகாது. இரவிலேயே வெளிவரலாம் எனும் கட்டுப்பாடு இருந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. தமிழ்நாட்டில் இவர்களைப் போன்றவர் புதிரை வண்ணார். திருநெல்வேலிப் பகுதியில் இப்பிரிவினர் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையிலேயே வேலை செய்ய வேண்டியிருந்த செய்தி 1932 இல் நாளிதழில் வெளிவந்தது. தீண்டாமையைக் கேட்டிருக்கிறோம், பார்வைக்கும் தீட்டு உண்டென்று விதித்த சமுதாயம் நம்முடையது.

இதற்கு எதிராக எழுந்த குரல்களும் நம்முடையனவே. 1924 இல் தோன்றிய யாழ்ப்பாண இளைஞர் மாநாடு சாதிக் கொடுமையை எதிர்த்தது. 1930 ஆம் ஆண்டையொட்டி, அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கும் விதி வந்தபோது பழைமைவாதிகள் கொதித்தெழுந்தனர். பாடசாலைகள் சில எரிக்கப்பட்டன. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது என்பதை உணர்ந்தோர் 1966 ஒக்ரோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டனர். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நின்று உள்ளே செல்லும் உரிமை கேட்டனர். தேநீர்க் கடைகளும் கோயில்களும் ஒவ்வொன்றாகத் திறந்தது எவருடைய கருணையினாலும் அன்று, உதைபட்டவர் உறுதியினால். அப்போராட்டங்களின் பயனாகவும் கல்வியின் பயனாகவும் பலர் பிறப்பு வழித் தொழிலிலிருந்து விடுபட்டு, தாம் விரும்பிய தொழில்களை மேற்கொண்டனர். ஊர் வழக்கிலோ அப்பழைய சாதிப்பெயர் இன்றும் வசைச்சொல்லாக உலவுகிறது. திருமணப் பேச்சில் அது இன்றும் எழுகிறது.

*

ஆசிரியர்களாகிய நமக்கு இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. நம் வகுப்பறைகள் வெள்ளைச் சீருடையால் நிறைந்தவை. ஏழை, செல்வர் வேறுபாடு தெரியாதிருக்கவே சீருடை என்கிறோம். அரசும் துணியை இலவசமாக வழங்குகிறது. துணியை வழங்கிய அரசு சவர்க்காரத்தை வழங்கவில்லை. தண்ணீரையும் நேரத்தையும் வழங்கவில்லை. சலவை இயந்திரம் உள்ள வீட்டுப் பிள்ளையின் சட்டையும், தோட்டத்திலும் வயலிலும் கூலிக்கு உழைத்துத் திரும்பிய தாய் இரவில் கிணற்றடியிற் கசக்கிய சட்டையும் ஒரே வெண்மையாக இருத்தல் இயலாது. இரண்டு சட்டை உள்ளவன் வேறு; ஒரே சட்டையை மாலையில் துவைத்துக் காலையில் ஈரத்தோடு அணிந்து வருபவன் வேறு. மழைக்காலத்தில் திருக்குறிப்புத் தொண்டர் பட்ட பாட்டை அத்தாயும் படுகிறாள். அவளைத் தடுக்க எந்தக் கையும் நீளுவதில்லை.

அத்தகைய பிள்ளையைக் காலைக்கூட்டத்தில் முன்னே அழைத்து, சட்டையிலுள்ள வாழைக்கயரைச் சுட்டிக் காட்டிக் கடிந்துகொள்ளும் வழக்கம் நம் பாடசாலைகளில் உண்டு. அதனை நாம் ஒழுக்கம் என்கிறோம். உண்மையில் அங்கே கண்டிக்கப்படுவது அப்பிள்ளையின் வறுமை. அவன் தாயின் ஓய்வின்மை. வாழைத்தோட்டத்தில் தகப்பனுக்கு உதவிவிட்டு வந்ததன் அடையாளமே அக்கறை என்பதைக் கேட்டறியும் பொறுமை நமக்கு வேண்டும். வேதியியல் கற்பிப்போர் வாழைக்கயரையும் மஞ்சளையும் உவர்மண்ணையும் கொண்டு காரமும் அமிலமும் கற்பிக்கலாம். அவ்வறிவை முதலிற் கண்டவர் யாரென்பதையும் அதே வகுப்பிற் சொல்லலாம். தமிழ் கற்பிப்போர் புறநானூற்றுத் தலைவனைப் பாடும்போது, அவனுக்காகக் களர் நிலத்திற் கிணறு தோண்டியவளையும் பாடத்துக்குள் அழைத்து வரலாம்.

அப்புறப்பாட்டில் நாம் வழக்கமாகக் கவனியாது விடும் செய்தியொன்று உண்டு. புலைத்தி வெளுத்துத் தந்த அத்தூய ஆடையை அத்தலைவன் பேணி மடித்து வைக்கவில்லை. எருவின் துகள் பறக்கும் தெருவிலே, அவ்வாடை மாசுபட மாசுபட உட்கார்ந்து, வந்தவர் பலரின் குறைகளைத் தீர்த்துக் கொடுத்தான் என்கிறது பாட்டு. அத்தகைய மாசுக்கு அவனும் நாணவில்லை, பாடியவரும் நாணவில்லை. நாளைக் காலை வகுப்பில் கறைபட்ட சட்டையோடு ஒரு பிள்ளை வந்து நின்றால், அக்கறை எங்கே பட்டது என்று முதலிற் கேட்போம். தண்டனையைப் பற்றிப் பின்பு யோசிக்கலாம்.